தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சின்ன டேக்அவே கடை போட மாநகராட்சி லைசென்ஸ் எப்படி வாங்குவது? எவ்வளவு நாள் இழுக்கும்?

வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். லைசென்ஸ் மாட்டிக்கொள்வது சமையலறையால் என்று பலரும் நினைக்கிறார்கள். முதலில் மாட்டுவது இடம். அந்த மனையின் எர்ஃப் எண்ணை (மனைப் பதிவு எண்) எடுத்துக்கொண்டு, டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போய், அது எந்த மண்டலத்தில் வருகிறது, அங்கே சாப்பாடு விற்கலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். சாட்ஸ்வொர்த்தில் பெரும்பகுதி 1960களில் குடியிருப்புக்கென்றே கட்டிய வீடுகள். வீட்டு கராஜைக் கடையாக்கினால் மண்டலம் ‘குடியிருப்பு’ என்றே இருக்கும். அதற்குச் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு ஆட்சேபிக்க உரிமை உண்டு, முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். “அக்கம்பக்கம் எல்லாரும் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள்” என்கிற தாள் அந்த அனுமதிக்கு ஈடாகாது. உரிமையாளர் அவசரப்படுத்தினால், ‘லைசென்ஸ் கிடைத்தால்தான் வாடகை தொடங்கும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

எதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும்? 1991ஆம் ஆண்டின் 71ஆம் எண் வணிகச் சட்டம் மூன்றே வகைகளைச் சொல்கிறது. சாப்பாடோ கெட்டுப்போகும் உணவோ விற்பது முதல் வகை. சானா, மசாஜ், இரவு விடுதி, சினிமா, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பில்லியர்ட்ஸ் மேசை உள்ள கூடம் போன்றவை இரண்டாவது. சாப்பாட்டையோ கெட்டுப்போகும் பண்டத்தையோ தெருவில் கூவி விற்பது மூன்றாவது. சேலைக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் இந்தச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை (மண்டல விதி அவர்களையும் கட்டுப்படுத்தும்). மது விற்கும் எண்ணம் இருந்தால் மாநகராட்சி லைசென்ஸ் பிரிவில் கேட்டுப் பயனில்லை. அது மாகாண அளவில் மது உரிமம் தரும் அமைப்பின் வேலை.

லைசென்ஸ் பிரிவு என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். அவர்கள் உங்கள் விண்ணப்பத்தை வாங்கி, நகரமைப்பு, கட்டட ஆய்வு, சுகாதாரம், தீயணைப்பு ஆகிய பிரிவுகளுக்குச் சுற்றுக்கு விடுகிறார்கள். எல்லாருடைய குறிப்பும் திரும்பி வந்த பிறகே முடிவு. ஆகவே எவ்வளவு நாள் என்பது, அந்த நான்கில் எது கடைசியாகப் பதில் தருகிறதோ அதைப் பொறுத்தது. கவுன்டரில் போய் “என் லைசென்ஸ் என்ன ஆச்சு?” என்று கேட்டால் “இன்னும் வரவில்லை” என்ற பதில்தான் கிடைக்கும். ரெஃபரன்ஸ் எண்ணைச் சொல்லி, “எந்தப் பிரிவின் குறிப்பு இன்னும் வரவில்லை?” என்று கேளுங்கள். பதில் வந்ததும் நேராக அந்தப் பிரிவுக்குப் போய் ஆய்வுத் தேதி வாங்குங்கள். அடையாள அட்டை நகல், வாடகை ஒப்பந்தம் அல்லது பத்திரம், நிறுவனமாக இருந்தால் அதன் பதிவு, கடையின் வரைபடம், வெளிநாட்டவர் என்றால் தொழில் செய்ய அனுமதிக்கும் விசா, இவற்றின் நகல்களை ஒரே கோப்பில் நான்கு செட் வைத்திருப்பது நல்லது.

கட்டட ஆய்வில் தடுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். பின்னால் போட்ட கொட்டகை, இடித்த நடுச்சுவர், முன்னால் இழுத்த தகரக் கூரை, இவை எதுவும் மாநகராட்சி ஒப்புதல் தந்த பிளானில் இருக்காது. பழைய உரிமையாளர் போட்டதாக இருந்தாலும் விண்ணப்பிக்கும் உங்கள் தலையில்தான் விழும். முன்பே பிளான் நகல் வாங்கி, கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பிளானில் ‘கடை’ என்று இருப்பதைச் சமையல் இடமாக மாற்றுவதற்கும் புதிய பிளான் கேட்கலாம்.

சுகாதாரம்தான் பெரிய பகுதி. சாப்பாட்டுக் கடைக்கு லைசென்ஸ் தவிர இன்னொரு சான்றிதழும் தேவை: ‘சர்டிபிகேட் ஆஃப் அக்செப்டபிலிட்டி’, எல்லாரும் சொல்வது சிஓஏ. 2018 ஜூன் 22இல் வெளியான ஆர்638 என்ற உணவுச் சுகாதார விதிகள் இதைக் கேட்கின்றன. சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் வந்து பார்ப்பார். உள்ளே நுழைந்ததும் அவர் தேடுவது கை கழுவும் பேசின். பாத்திரம் கழுவும் சிங்க்கைக் காட்டி “இதிலேயே கை கழுவிக்கொள்வோம்” என்றால் போச்சு. தனி பேசின், தண்ணீர், சோப்பு, துடைக்கத் தாள் துண்டு, எல்லாம் சமையல்காரர் கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அடுத்து கழிவறைக் கதவு. அது சமையலறைக்குள் நேராகத் திறக்கக் கூடாது. சின்னக் கடைகளில் இதை மாற்றத்தான் அதிகச் செலவாகும், அதனால் கடை பார்க்கப் போகும்போதே கவனியுங்கள். பணியாளர் துணி மாற்றவும் சொந்தப் பொருள் வைக்கவும் தனி இடம், இறுக்கமாக மூடும் குப்பைத்தொட்டி, எலி புகாத கதவடி, கழுவித் துடைக்க முடிகிற சுவர், கழிவுநீருக்கு ஒப்புதல் பெற்ற இணைப்பு, இவையும் உண்டு. எண்ணெய்ச் சமையல் என்பதால் கழிவுநீரில் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் ட்ராப்பும், ஆவியை வெளியே இழுக்கும் ஹூடும் கேட்பார்கள். ஹூடின் குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தால் புகார் வருவது நிச்சயம்.

கடைக்குப் பொறுப்பாளர் என்று யார் பெயர் போடுகிறீர்களோ அவர் உணவுச் சுகாதாரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பெயருக்கு மாமா பெயரைப் போட்டுவிட்டு வேறு ஒருவர் கடையை நடத்துவது வேண்டாம். பொறுப்பாளர் மாறினால் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சான்றிதழைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும்.

பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தருவது) விற்கும் கடைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மட்டன் கறியும் பீன்ஸ் கறியும் காலையில் பெரிய பானையில் வைத்து, நாள் முழுக்க அதிலிருந்தே எடுத்து ரொட்டிக்குள் ஊற்றுவது வழக்கம். சூடாக வைத்திருக்கும் கறியின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. மேலே ஆவி வருவதை நம்பாதீர்கள்; குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, இரண்டு மணிக்கு ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு ஆய்வாளருக்கு உங்களைப் பற்றி நிறையச் சொல்லும். மிஞ்சியதை மூடிய பானையோடு இரவு முழுக்க அடுப்பின் மேல் ஆற விடுவதுதான் மிக ஆபத்து. பெரிய பானையின் நடு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், டர்பன் கோடையில் கேட்கவே வேண்டாம். சமையலில் சாகாத கிருமி வித்துகள் அந்த நேரத்தில் பெருகும். சில கிருமிகள் விடும் நஞ்சு மறுநாள் கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றி, சீக்கிரம் ஆற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள். சோறுக்கும் இதே கணக்கு.

தீயணைப்பில் கேஸ்தான் விஷயம். சிலிண்டர் வெளியே, பதிவு பெற்ற கேஸ் ஃபிட்டர் இணைத்து, அவர் தந்த இணக்கச் சான்றிதழோடு இருக்க வேண்டும். தெரிந்தவர் வந்து மாட்டிக் கொடுத்த இணைப்புக்கு அந்தத் தாள் வராது. தீயணைப்பான் ஆண்டுக்கொரு முறை சர்வீஸ் ஆகியிருக்க வேண்டும், பின்கதவைப் பூட்டி அதன் முன்னே உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருக்கக் கூடாது. மின் இணைப்புக்கும் சான்றிதழ் தயாராக வையுங்கள்.

2024 கடைசியில், சொவெட்டோவில் டெர்பூஃபோஸ் என்ற பூச்சிக்கொல்லியால் குழந்தைகள் இறந்த பிறகு, நாடு முழுக்க ஸ்பாஸா கடைகளை (குடியிருப்புகளில் உள்ள சின்ன மளிகைக் கடைகள்)ப் பதிவு செய்யச் சொன்னார்கள். முதலில் 21 நாள், பிறகு 2025 பிப்ரவரி 28 வரை. அப்போது பதிவு செய்த ரசீதை லைசென்ஸ் என்று பலர் மாட்டி வைத்திருக்கிறார்கள். பதிவு வேறு, லைசென்ஸ் வேறு, சிஓஏ வேறு. ஓடிக்கொண்டிருக்கும் கடையை விலைக்கு வாங்கினாலும் பழையவரின் சிஓஏ உங்கள் பெயருக்கு மாறாது, லைசென்ஸுக்கும் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். ‘லைசென்ஸோடு விற்பனைக்கு’ என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மறுத்துவிட்டால்? டர்பன் அன்று இருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் 1897இன் டீலர்ஸ் லைசென்சஸ் சட்டம் (வியாபாரிகள் லைசென்ஸ் சட்டம்), லைசென்ஸ் அதிகாரி இந்திய வியாபாரிக்குக் கை விரித்தால் நீதிமன்றத்துக்கே போக முடியாதபடி வைத்திருந்தது. கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இல்லை என்பதே மறுக்கப் போதுமானதாக இருந்தது. இன்று அப்படி இல்லை, ஆனால் நம் ஆட்களில் பலர் கவுன்டரில் வாயால் “முடியாது” என்றதுமே திரும்பி வந்துவிடுகிறார்கள். வரக் கூடாது. இடமோ சுகாதாரமோ பாதுகாப்போ சட்டத்துக்கு ஒத்துவரவில்லை, விண்ணப்பதாரர் தகுதியானவர் இல்லை என்பது போன்ற, சட்டத்தில் சொன்ன காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். மறுப்பு தெரிந்த 90 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அவர்களும் 90 நாளுக்குள் தர வேண்டும். 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. வணிகச் சட்டத்திலேயே மேல்முறையீடு உண்டு, அதை முடித்த பிறகுதான் நீதிமன்றம். 90 நாள் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள், யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில், மறுப்பு வந்த வாரமே கேட்டு, கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.