விற்பனையில் புதிதாக மேலாளர் ஆகியிருக்கிறேன். டார்கெட்டையும் பிடித்து, வாடிக்கையாளர் உறவையும் காப்பாற்றுவது எப்படி?

உங்கள் கீழ் நான்கைந்து பையன்கள் இருப்பார்கள். மாதக் கடைசியில் மேலிருந்து வரும் சூட்டை அப்படியே அவர்கள் தலையில் இறக்கிவிட்டு, இரவு தூக்கம் வராமல் இந்தக் கேள்வியை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அந்த இரவுகளைக் கடந்து வந்தவன்.

மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் பதினேழு ஆண்டுகள் பூச்சிமருந்து விற்றேன். விஷம் விற்றவனுக்கு என்ன உறவு, என்ன நேர்மை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இயற்கை வேளாண்மை செய்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான குத்தகை நிலத்தில் கடன் வாங்கி நட்ட பயிரைப் புழு தின்னும்போது, அந்தக் குடியானவர் முதலில் ஓடுவது உரக்கடைக்குத்தான். அங்கே அவருக்குச் சரியானதைச் சொல்ல ஒருவன் வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. சம்பா தூர் கட்டி நின்ற ஐப்பசி மாதம். கிடங்கில் பைரித்ராய்டு என்ற வகையைச் சேர்ந்த ஒரு பூச்சிமருந்து தேங்கிக் கிடந்தது. "எத்தனை பெட்டி இறக்குகிறாய் என்று மட்டும் சொல்" என்றார் என் மேலாளர். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கடைக்காரர். "தம்பி, இது இப்போது போகாது" என்றார். "எனக்காக எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்று இருபது பெட்டிக்கு பில் போட்டேன். கடைக்கு வந்த சரக்கு கடையிலேயே இருக்குமா? இலைச்சுருட்டுப் புழு என்று வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் போனது.

புழு செத்தது. இரண்டு வாரத்தில் புகையான் ஏறியது. நெல்லின் அடித்தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி அது. அந்த வகை மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் சேர்த்துக் கொன்றுவிடும். பிறகு புகையான் கேட்பாரில்லாமல் பெருகும். யூரியாவும் கூடுதலாக விழுந்திருந்தது. வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து சாய்ந்தது.

நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் போனேன். குத்தகைக்காரப் பெரியவர் என்னை வரப்பில் நிறுத்தி, ஒரு நெல் குத்தை இரண்டு கையாலும் விலக்கி, "தம்பி, கீழே பாருங்கள்" என்றார். தண்ணீர் மட்டத்துக்கு மேலே பழுப்பாக அப்பிக் கிடந்தன பூச்சிகள். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஐயா, நான் இறக்கிய மருந்தால் வந்தது இது" என்று சொன்னேன். எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதே என்று மேலாளர் எச்சரித்திருந்தார்.

தண்ணீரை வடிக்கச் சொன்னோம். யூரியாவை நிறுத்தச் சொன்னோம். எட்டு அடிக்கு ஒரு பட்டம், அதாவது நடக்கும் அளவுக்கு ஓர் இடைவெளி பிரித்து, காற்றும் வெயிலும் அடித்தூருக்குப் போக வழி செய்து, மருந்தை மேலே தூவாமல் தூரில் படும்படி அடிக்கச் சொன்னோம். அதற்கு ஏற்ற மருந்து எங்களிடம் இல்லை, போட்டி நிறுவனத்திடம் இருந்தது. அதன் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அது துரோகம் என்பவர்களோடு நான் வாதாட விரும்பவில்லை. ஒன்பது நாள் அந்தக் கடைக்கார அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வயல் வயலாகப் போனேன். பெரியவரின் ஐந்து மாவில் பாதிதான் தேறியது. விற்காத பெட்டிகளைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதினேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அந்த ஆண்டு சம்பள உயர்வு நின்றது.

அடுத்த குறுவைக்கு அதே அண்ணன் கூப்பிட்டார். "என்ன சரக்கு எடுக்கலாம், எது வேண்டாம், நீயே சொல்" என்றார். கடைசி வரை அவர் என்னிடம் பேசியது அப்படித்தான்.

நான் மேலாளரானதும் இதை மறந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. இரண்டு வாரம் கழித்து, முத்துப்பேட்டைப் பக்கம் பார்த்த பையன், "சார், இந்த மாதம் எந்தக் கடையிலும் பாக்கிப் பணம் கேட்க மாட்டேன்" என்றான். கத்திவிட்டேன். மறுநாள் அவனோடு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் தென்னை வேரோடு கிடந்தது. புதிதாக ஒரு கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். நாங்கள் போன கடைக்குக் கூரையே இல்லை. அன்று நாங்கள் பேரேட்டைத் திறக்கவில்லை. நனைந்த மூட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வந்தோம். அந்த மாத வசூல் பூஜ்யம் என்று என் பெயரில் எழுதி அனுப்பினேன். அவன் பெயர் அதில் வரவில்லை.

டெல்டாவில் பணம் வருவது தை, மாசியில், சம்பா அறுத்த பிறகு. தலைமை அலுவலகத்துக்கோ டிசம்பரில் வேண்டும். அறுத்த பிறகும் என்ன நடக்கிறது? கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று திருப்பி அனுப்ப, மறுபடி சாலையில் காயவைத்து, அதற்குள் இன்னொரு மழை. கிடங்கும் உலர்த்தும் இயந்திரமும் போதுமான அளவு வைக்க முடியாதா? சோறு போடுகிறவன் தன் நெல்லுக்குக் காவலாக ரோட்டில் படுக்க வேண்டுமா? கேள்விக்குத் தொடர்பில்லாததுதான். இதை எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். பெரியவர் இப்போது இல்லை. போன மாதம் அவர் மகன் கூப்பிட்டு, பயிர் மஞ்சளாக இருக்கிறது, என்ன மருந்து அடிக்கட்டும் என்று கேட்டார். குத்தை விலக்கி அடித்தூரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பூச்சி எதுவும் இல்லை. தண்ணீரை வடித்து இரண்டு நாள் காயவிடுங்கள், மருந்து வேண்டாம் என்றேன்.