டெல்டா களிமண்ணில் சிறுகிழங்கு

வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் வழக்கத்துக்கு மாறான கிழங்கு ஏதாவது போட்டுப் பார்த்ததுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போட்டது சிறுகிழங்கு. திருநெல்வேலி, தென்காசிக்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே அது இல்லாமல் பொங்கல் கிடையாது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

மனைவிக்கு அம்பாசமுத்திரம். பொங்கலுக்கு அத்தை கொடுத்துவிட்டதில் இரண்டு கைப்பிடி எடுத்து மணலில் புதைத்து நிழலில் வைத்தேன். முளைத்ததை ஆடியில் பாத்தியில் ஊன்றினால் கொடி தளதளவென்று வரும். கற்பூரவல்லிக்குச் சொந்தம்தான் இது. புரட்டாசியில் கொடி நுனியைக் கிள்ளி, அதைத்தான் நட வேண்டும்.

முதல் வருஷம் சமதரையில் நட்டேன். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் வடியவே இல்லை, எல்லாம் அழுகிப்போனது. போனில் சொன்னால், "நெல்லு நடுத மாதிரி நட்டிருப்பிய மாப்பிள்ளை" என்று அத்தைக்கு ஒரே சிரிப்பு.

அடுத்த முறை முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டேன். பாதிக்குப் பாதி மணல், கொஞ்சம் மட்கிய சாணம். கத்தரி, தக்காளி, வெண்டை இருந்த இடத்தைத் தொடவில்லை. அவற்றின் வேரில் முடிச்சு விழவைக்கும் நூற்புழு இதையும் விடாது; கிழங்கு கரடுமுரடாகிவிடும். கொடிக்குக் கொடி ஓர் அடி இடைவெளி போதும்.

நட்டு ஒன்றரை மாதத்தில் மண் அணைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. தூரோடு நிறுத்தாமல் படர்ந்த கொடியின் மேலும் மண்ணைத் தள்ள வேண்டும், அப்போதுதான் கிழங்கு நிறைய இறங்கும். அணைத்த மண்ணைக் கார்த்திகை மழை கரைக்க, நான் திரும்ப அணைக்க, மூன்று தடவை இதே கூத்து. ஆசைப்பட்டு ஓர் ஓரத்தில் சாணத்தை அள்ளிக் கொட்டியிருந்தேன். அங்கே இலை காடாக மண்டியது, கிழங்கோ சுண்டைக்காய் அளவு.

மாசியில் இலை பழுத்துக் காய்ந்ததும் தோண்டினோம். முப்பது கொடிக்கு மூன்று கிலோ சொச்சம். சாக்கில் போட்டுத் தரையில் அடித்தால் தோல் பாதி போய்விடும். மிச்சத்தைச் சுரண்டினால் விரலெல்லாம் கறுப்பு. இரண்டு நாளைக்கு அந்தக் கறை போகாது. சின்ன வெங்காயம், தேங்காய் போட்ட பொரியலுக்கு அதெல்லாம் தகும்.

ஒரு கணக்குதான் தவறிவிட்டது. கொடி நட்டு ஐந்து மாதமாகும். பொங்கலுக்குக் கிழங்கு வேண்டுமென்றால் ஆடிக் கடைசியிலேயே கொடி நட்டிருக்க வேண்டும். அதனால் அந்தப் பொங்கலுக்கும் பஸ் ஏறி வந்தது அத்தை வீட்டுக் கிழங்குதான்.