ஆந்த்ரேயா பிர்லோவின் ஆட்டம்: கேள்வி பதில்

கேள்வி: இத்தாலியக் கால்பந்தின் நடுகள வீரர் பிர்லோ முதலில் 10-ஆம் எண் இடத்தில் ஆடியவர் என்கிறார்கள். அப்புறம் ஏன் அவ்வளவு பின்னால் இறங்கினார்?

பதில்: உண்மைதான். 1995-ல், 16 வயதில், இத்தாலியின் பிரெஷா அணிக்காகக் களமிறங்கியபோதும், 1998-ல் இன்டர் மிலனுக்குப் போனபோதும் ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் ஆடுபவராகத்தான் அவரைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் எதிரணியின் தற்காப்பு நடுகள வீரர் முதுகிலேயே நிற்பார். அவரை வேகத்தால் தாண்டும் கால்கள் பிர்லோவிடம் இல்லை. இன்டரில் நிலைக்க முடியாமல் போனதற்கு இது பெரிய காரணம்.

2001 தொடக்கத்தில் கடனாகப் பிரெஷாவுக்கே திரும்பினார். அங்கே 10-ஆம் எண் இடம் ராபர்ட்டோ பாகியோவுடையது. அதனால் பயிற்சியாளர் கார்லோ மத்சோனே பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். அந்தக் காலத்தில் எதிரணி ஸ்ட்ரைக்கர்கள் அவ்வளவு தூரம் வந்து நெருக்கமாட்டார்கள். பந்து வந்ததும் தலையைத் தூக்கிப் பார்க்க ஒரு நொடி கிடைத்தது, முழு மைதானமும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்த ஏப்ரலில் யுவென்டஸுக்கு எதிராகப் பாகியோ போட்ட சமன் கோலைப் பாருங்கள். பிர்லோவின் நீண்ட பாஸ் தற்காப்பு வரிசையைத் தாண்டி நேராகப் பாகியோவின் காலுக்கு வருகிறது.

கேள்வி: அண்ணா, வேகமும் இல்லை, பந்தைப் பறிப்பதிலும் பெரிய கெட்டிக்காரர் இல்லை. அப்படிப்பட்டவரைத் தற்காப்புக்கு முன்னால் வைப்பது ஆபத்து இல்லையா?

பதில்: தனியாக விட்டால் ஆபத்துதான் தம்பி. அதனால்தான் அடுத்துப் போன ஏசி மிலனில் பயிற்சியாளர் அன்செலோட்டி அவருக்கு ஒரு பக்கம் கத்தூசோவையும் மறுபக்கம் சீடோர்ஃபையும் வைத்தார். பின்னர் யுவென்டஸில் பயிற்சியாளர் கோன்டே விடாலையும் மார்கீசியோவையும் வைத்தார். ஓடிப் பறிக்கும் வேலையில் பெரும்பங்கு பக்கத்தில் இருப்பவர்களுடையது. பிர்லோவின் இடத்தை மட்டும் காப்பியடித்துவிட்டு இந்த இருவரை மறந்த அணிகள் நடுகளத்தில் ஓட்டை விழுந்து தோற்கும்.

கேள்வி: அவரை முடக்கிய ஆட்டம் ஏதாவது உண்டா?

பதில்: 2010 மார்ச், சாம்பியன்ஸ் லீக், மான்செஸ்டர் யுனைடெட். யுனைடெட் வீரர் பார்க் ஜி-சுங்கிற்குப் பயிற்சியாளர் ஃபெர்கூசன் கொடுத்த முதல் வேலை, பிர்லோவை விடாமல் ஒட்டிக்கொள்வது. இரண்டு ஆட்டம் கொண்ட அந்தச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் மிலன் 0-4 எனத் தோற்றது. ஒருவர் வழியாகவே ஆட்டத்தைக் கட்டும் அணிக்கு இதுதான் பலவீனம். இதற்கு மாற்று, நடுத் தற்காப்பு வீரரே பந்தை முன்னெடுப்பது. யுவென்டஸில் பிர்லோவை அடைத்தால் பொனூச்சி அதைத்தான் செய்தார்.

கேள்வி: அவருடைய ஃப்ரீ கிக்கை எப்படிப் பழகுவது?

பதில்: ஃப்ரீ கிக்குக்குப் பேர்போன பிரேசில் வீரர் ஜுனின்யோவைப் பார்த்துப் படித்த உதை அது. பிர்லோ விளக்கிய முறைப்படி, பந்தின் அடிப்பகுதியில் முதல் மூன்று விரல்கள் பட வேண்டும், பாதம் முடிந்தவரை நேராக இருக்க வேண்டும், உதைத்த கணத்தில் காலைத் தளர்த்திவிட வேண்டும். பந்து அதிகம் சுழலாமல் போய்ச் சட்டென்று இறங்கும். சுழற்சி குறைந்த பந்தைச் சுற்றிக் காற்று சீராகப் பிரியாது. அதனால்தான் அது தடுமாறி கோல்கீப்பரை ஏமாற்றுகிறது.

பழகும்போது முதலில் வரும் கோளாறு, உடலைப் பின்னால் சாய்ப்பது. பந்து கம்பத்துக்கு மேலே பறக்கும். அடுத்தது, மையத்திலிருந்து விலகி உதைப்பது. சுழற்சி ஏறிவிடும், பந்து சாதாரணமாக வளைந்து போகும். எதிரே ஆட்களை வரிசையாக நிறுத்தும் சுவரே வைக்காமல், நிறுத்திய பந்தில் தொடங்குங்கள். சுழலாமல் போவது பழகிய பிறகு இலக்கைப் பார்க்கலாம்.

கேள்வி: மிலன் ஏன் அவரை விட்டது?

பதில்: 2010-11-ல் காயங்கள் இருந்தன. அப்போதைய பயிற்சியாளர் அல்லெக்ரி தற்காப்புக்கு முன்னால் பறிக்கும் ஆட்டக்காரரை விரும்பினார். 32 வயதில் ஒப்பந்தம் முடிந்ததும் யுவென்டஸுக்குக் கட்டணமே இல்லாமல் போனார். அங்கே ஆடிய 4 சீசனிலும் இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ பட்டம். மிலன் செய்த மோசமான கணக்குகளில் ஒன்று என்றே சொல்வேன்.

கேள்வி: ஒரே ஒரு பாஸ் பார்க்க வேண்டுமென்றால் எது?

பதில்: 2006 உலகக் கோப்பை அரையிறுதி, ஜெர்மனிக்கு எதிராக, 119-ஆம் நிமிடம். கார்னரில் வெளியே வந்த பந்து பெனால்டி பகுதிக்கு வெளியே பிர்லோவிடம் வருகிறது. உடனே உதைக்காமல் வலப்பக்கமாக நகர்கிறார். தற்காப்பு வீரர்கள் அவரை நோக்கித் திரும்புகிறார்கள். அந்த இடைவெளியில் சக வீரர் க்ரோசோவுக்குப் பந்து போகிறது, அவர் இடது காலால் கோல் அடிக்கிறார். பந்தை விட்டுவிட்டு, அந்தச் சில நொடிகளில் தற்காப்பு வீரர்கள் நிற்கும் இடங்களை மட்டும் கவனியுங்கள்.