பழைய மாருதி 800 புகைப் பரிசோதனையில் தேறவில்லை, எங்கே ஆரம்பிப்பது?

1995 மாடல் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, கார்பன் மோனாக்சைடு 5% என்கிறீர்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு வரம்பு 3%. ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம்முக்குள் இருப்பதால் மிஸ்ஃபயர் (பெட்ரோல் எரியாமலே வெளியேறுவது) இருக்க வாய்ப்பு குறைவு. பெட்ரோல்தான் அதிகம் போகிறது.

தயவுசெய்து எடுத்த எடுப்பில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள். அப்படியே சோக் நாபை (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் குமிழ்) முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, கார்புரேட்டர் வாயில் உள்ள தகட்டைப் பாருங்கள். செங்குத்தாக நிற்க வேண்டும். என் வண்டியில் கேபிள் துருப்பிடித்து, தகடு பாதி மூடியபடியே கிடந்தது. பிளக் முனையெல்லாம் கண்மை பூசியதுபோல் கரி!

அதன் பிறகும் குறையாவிட்டால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டின் (மிதவை) மட்டம், ஊசி வால்வு இரண்டையும் பாருங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூ கடைசியில்தான், அதுவும் புகை அளவுமானியைப் பார்த்துக்கொண்டே, கால் சுற்று கால் சுற்றாக. இன்ஜின் நன்றாகச் சூடானபின் சோதனைக்கு விடுங்கள்.