கைவிடப்பட்ட கப்பலில் மகன்: முதல் கடிதம் யாருக்கு?

கேள்வி: என் மகன் பனாமா கொடி போட்ட டேங்கர் கப்பலில் மாலுமி. மாதம் 900 டாலர் பேச்சு. வளைகுடா நாடு ஒன்றின் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. குடிதண்ணீரை அளந்து கொடுக்கிறார்களாம். பாஸ்போர்ட் கேப்டனிடம் இருக்கிறது. வேலைக்கு மூன்றரை லட்சம் வாங்கிய சேலம் ஏஜென்ட், "கப்பலை விற்றதும் மொத்தமாக வந்துவிடும், பொறுங்கள்" என்கிறார். தூதரகத்துக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. – ஒரு தாய், அயோத்தியாப்பட்டணம்.

பதில்: பொறுக்காதீர்கள் அம்மா. பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைப் பனாமா 2009-லும் இந்தியா 2015-லும் ஏற்றுக்கொண்டன. இரண்டு மாதச் சம்பளமாவது தராமல் முதலாளி தொடர்பை அறுத்துக்கொண்டாலும், சாப்பாடும் தண்ணீரும் தராமல் விட்டாலும், அந்த மாலுமி 'கைவிடப்பட்டவர்' ஆகிறார். இந்த நிலைமைக்காகவே கப்பலுக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்ற விதி 2017 ஜனவரி 18 முதல் அமலில் உள்ளது. ஊர் திரும்பும் செலவு, அதுவரை உணவு, தண்ணீர், மருத்துவம், இவற்றோடு நிலுவைச் சம்பளமும் அதில் வரும். ஆனால் சம்பளத்துக்கு உச்சவரம்பு நான்கு மாதம்தான். உங்கள் கணக்கில் 4,500 டாலர் நிலுவை. காப்பீட்டில் கிடைப்பது 3,600. ஐந்தாவது மாதம் ஏற்கெனவே அதற்கு வெளியே போய்விட்டது.

ஆகவே முதல் கடிதம் தூதரகத்துக்கு அல்ல, காப்பீட்டு நிறுவனத்துக்கு. 500 டன்னுக்கு மேற்பட்ட கப்பலென்றால் அந்தச் சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். மெஸ் பக்கம் தேடச் சொல்லுங்கள். கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் நிரந்தர அடையாள எண்), காப்பீட்டாளர் பெயர், உதவிக்குத் தொடர்புகொள்ள வேண்டிய முகவரி, காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். நான்கு மூலையும் தெரிகிற மாதிரி செல்போனில் படம் பிடிக்கட்டும். மாலுமியே நேரடியாகக் கேட்க உரிமை உண்டு. கேப்டனின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தேதி முடியுமுன்பே காப்பீட்டை நிறுத்திவிட்டதாகச் சொன்னாலும் சோர்ந்துவிடாதீர்கள். அப்படி நிறுத்த 30 நாள் முன்பே கொடி நாட்டுக்கு (கப்பல் பதிவான நாடு, இங்கே பனாமா) நோட்டீஸ் போயிருக்க வேண்டும். "நோட்டீஸ் வந்தபின் என்ன செய்தீர்கள்?" என்று பனாமா கடல்துறையைக் கேட்க அதுவே பிடி.

அடுத்துதான் தூதரகம். 1963 வியன்னா உடன்படிக்கைப்படி இந்தியக் குடிமக்களுக்கு உதவுவது தூதரகத்தின் பணி. துறைமுக அதிகாரிகளிடம் பேசலாம், பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கலாம், கொடி நாட்டுக்கு அழுத்தம் தரலாம். சம்பளம் தரவோ, அந்நாட்டு நீதிமன்றத்துக்கு உத்தரவு போடவோ அதனால் முடியாது. ஊருக்கு அனுப்பும் கடமை முதலாளிக்கு. அவர் தவறினால் பனாமாவுக்கு. அதுவும் தவறினால் கப்பல் நிற்கும் நாடோ இந்தியாவோ அனுப்பிவைத்து, செலவைப் பனாமாவிடம் வசூலிக்கலாம். "உடன்படிக்கையின் ஏ2.5.1 தரநிலைப்படி திருப்பி அனுப்பக் கோருகிறோம்" என்று மனுவில் எழுதுங்கள். "என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் வரும் கடிதத்தில் அதிகாரி பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர் இணையதளத்தில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். அதே மனுவை மும்பை கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும், ஐ.டி.எஃப். எனப்படும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்புக்கும் அனுப்புங்கள். கைவிடப்பட்ட கப்பல்களின் சர்வதேசப் பதிவேட்டில் கூட்டமைப்பால் ஏற்ற முடியும், குடும்பத்தால் முடியாது. பதிவேட்டில் ஏறிய கப்பலைப் பற்றி கொடி நாடு பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். சேலம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் அயலகத் தமிழர் நலத்துறைக்குப் போகும். கொடுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

மகனிடம் இன்றே சொல்லுங்கள்: புரியாத மொழியில் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ஒரு சட்டத் தாள் ஆளையே கப்பலோடு கட்டிப்போட்டுவிடும். எகிப்தில் எம்.வி. அமான் என்ற கப்பலின் தலைமை அதிகாரி முகமது ஆயிஷாவை 2017-இல் நீதிமன்றம் கப்பலின் சட்டப் பாதுகாவலராக அறிவித்தது. அதனால் அவர் 2021 ஏப்ரல் வரை அங்கிருந்து விடுபட முடியவில்லை. நூறு டாலரை நீட்டி "கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கேட்பதும் வழக்கம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் "பகுதித் தொகை, மீதிக்கு உரிமை உண்டு" என்று எழுதிவிட்டு வாங்கட்டும். ஒப்பந்தம், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம், சம்பளச் சீட்டு, தண்ணீர்த் தொட்டி, சமையலறை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.

ஏஜென்டுக்கு ஆர்.பி.எஸ்.எல். எனப்படும், மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் உரிமம் உண்டா என்று இயக்குநரகத்தின் தளத்தில் பாருங்கள். உரிமம் இருந்தால் அங்கேயே புகார் கொடுங்கள். பையனை ஊருக்குக் கொண்டுவருவதில் ஏஜென்டுக்கும் பொறுப்பு உண்டு. உரிமம் இல்லாவிட்டால் பணம் கட்டிய வங்கி விவரத்தோடு போலீசுக்குப் போங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318(4) மோசடிப் பிரிவு. உரிமம் இருந்தாலும் மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்குவது குற்றமே.

ஐந்தாவது மாதப் பாக்கிக்கு வழி கப்பல் மீதே உண்டு. சம்பளப் பாக்கி கப்பலோடு ஒட்டிய உரிமை. கப்பலை விற்றாலும் பெயரை மாற்றினாலும் போகாது. அந்தக் கப்பல் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வந்தால், கடல்சார் வழக்குகளுக்கான 2017 அட்மிரால்டி சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் அதைச் சிறைபிடிக்கக் கோரலாம். சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கப்பல் சிறைபிடிக்கப்பட வேண்டும். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம்: நீங்கள் பெண் என்பதால், உங்கள் பெயரில் போடும் வழக்குக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். சம்பள வழக்கு மகனுடையது என்பதால், அதற்கு அவருக்கு உதவி கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள்.