விமானியின் சம்பளமும் ஊர்ப்பேச்சும்

கேள்வி: என் மகன் தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானி. ஐந்து மா நிலத்தை விற்றுப் படிக்க வைத்தேன். ஓய்வு நேரம், இரவுப் பணி குறித்து அவர்கள் சங்கம் நிர்வாகத்துடன் பேசிவருகிறது. உள்ளூர் நிருபர் மகனிடம் பேட்டி கேட்கிறார். டீக்கடையிலோ, “லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு என்ன குறை?” என்கிறார்கள். இந்தப் பேச்சு பேச்சுவார்த்தையைப் பாதிக்குமா? பேட்டி கொடுக்கலாமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: பேட்டி வேண்டாம். அனுமதியின்றி ஊடகத்திடம் பேசக் கூடாது என்ற நிபந்தனை பணி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். பேச்சுவார்த்தை நடக்கும் நேரத்தில் அதையே காரணம் காட்டி நோட்டீஸ் கொடுத்துவிடுவார்கள். நிருபரைச் சங்க நிர்வாகிகளிடம் அனுப்பிவையுங்கள்.

ஊர்ப்பேச்சு பாதிக்கத்தான் செய்யும். விமானம் ரத்தாகும் நாளில், திருச்சி விமான நிலையத்தில் பெட்டியோடு தவிப்பவர் யாரைத் திட்டுகிறாரோ, அரசின் நெருக்கடியும் அவர்கள் பக்கமே திரும்பும். 2012-இல் ஏர் இந்தியா விமானிகளில் ஒரு பிரிவினர் 58 நாட்கள் வேலைக்கு வரவில்லை. டிரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சி யாருக்கு என்பதுதான் சர்ச்சை. பயணிகளுக்கு அதில் என்ன அக்கறை இருக்கும்? நூறு பேருக்கு மேல் வேலை இழந்த பிறகு, நீதிமன்றத்தில் போராட்டத்தைக் கைவிட்டார்கள்.

2025 டிசம்பரில் நடந்தது வேறு. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்குவதை இரண்டு முறையாகக் குறைத்த புதிய விதிகளுக்கு இண்டிகோ தயாராக இல்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. விமானிகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. கோபம் நிறுவனத்தின்மீது விழுந்தது. அப்படியும், பயணிகளின் தவிப்பைக் காட்டி அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளில் தற்காலிகத் தளர்வு கிடைத்துவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

ஆகவே டீக்கடையில் சம்பளத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அங்கே நீங்கள் ஜெயிக்க முடியாது. தூக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். “ஆண்டுக்கு 1000 மணி நேரம்தானே பறக்கிறார்கள், ஒரு நாளைக்கு மூன்று மணிகூட இல்லையே” என்று கணக்குப் போடுவார்கள். அந்த 1000 மணி என்பது உச்சவரம்பு. அதுவும், விமானம் புறப்பட நகர்ந்ததிலிருந்து இறங்கி நிற்கும்வரைதான் கணக்கு. முன்தயாரிப்பும், இரண்டு பயணங்களுக்கு நடுவே காத்திருப்பதும் அதில் சேராது. அதிகாலை நான்கு மணி விமானத்துக்கு மூன்று மணிக்கே ஆஜராக வேண்டும்; ஒன்றரைக்கு எழ வேண்டும். அதற்காக மாலை ஆறு மணிக்குப் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? முறைத் தண்ணீர் நள்ளிரவில் வரும்போது டார்ச் லைட்டோடு போய் மடை திறந்த உங்கள் ஊர்க்காரர்களுக்கு, மறுநாள் பகலில் கண் எப்படிச் சொருகும் என்று தெரியும். அந்தக் கண்ணோடு நூற்றைம்பது பேரைத் தரையிறக்க வேண்டும் என்று சொல்லுங்கள், கேட்பார்கள்.

இன்னொன்று. சங்கத்தில் யாராவது, “எல்லோரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று லீவு போடலாம்” என்று சொன்னால், மகன் அதில் சேர வேண்டாம். ஊர் அதைப் பொய்யாகவே பார்க்கும். உண்மையிலேயே களைத்துப்போய் லீவு கேட்பவரையும் பிறகு நம்பாது. களைப்பாக இருக்கும் நாளில் அவர் தனியாக, எழுத்துமூலம், விதிப்படி களைப்பு அறிக்கை கொடுக்கட்டும். அதன் நகலைத் தேதியோடு பத்திரமாக வைத்திருக்கட்டும். சங்கம் மேசைமேல் எடுத்து வைக்க வேண்டிய காகிதம் அதுதான்.