பெயர்ந்து செல்லும் பொங்கலும் பெயராத பொங்கலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இலங்கையின் வன்னிப் பகுதியில் முள்ளியவளையில் பிறந்த நான் இப்போது ரொறன்ரோவில் வாழ்கிறேன். தை முதல் நாள் வேலைநாளாக வந்தால், அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் கூடி மின்னடுப்பில் பொங்குகிறோம். கடை அரிசி, வெளியே உறைபனி. என் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது பொங்கல்தானா என்று மனம் உறுத்துகிறது. இதற்கிடையில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலையும், கடல்நீரில் எரிக்கும் உப்புநீர் விளக்கோடு இங்கேயே நடத்தலாம் என்று ஊர்ச்சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். உங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அரிசியை எண்ணி நீங்கள் வருந்த வேண்டியதில்லை. ஐப்பசி மழையோடு விதைத்த காலபோக (மாரிப் பருவ) நெல், தை பிறக்கும்போது வன்னியின் பல வயல்களில் இன்னும் அறுக்கும் பதத்துக்கு வந்திருப்பதில்லை. பிந்தி விதைத்தவர்கள் மாசியில்தான் அரிவு வெட்டுவார்கள். ஆகவே இங்கும் பல முற்றங்களில் பானைக்குள் இடுவது சென்ற போகத்து அரிசியோ கடை அரிசியோதான். புதுநெல்லுக்கென்று தைப்பூசத்தில் புதிர் (முதற்கதிர்) எடுக்கும் வழக்கம் தனியாகவே இருக்கிறது. முற்றம் இல்லாததும் குறையன்று. 2010 தையில், போரில் இடம்பெயர்ந்த எங்கள் மக்களில் பலருக்குச் செட்டிகுளம் முகாம்களின் கூடார வாசலே முற்றமாயிற்று.

நாளை மாற்றுவதை மட்டும் என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. மண்டபத்தில் சனிக்கிழமை கூடுங்கள். உறவுகள் ஒன்றுசேர அது வேண்டும். ஆனால் சூரியனுக்கு நன்றி சொல்லும் செயலை அந்த நாளிலேயே வீட்டில் செய்துவிடுங்கள். வன்னியில் ஆறரை மணியளவில் சூரியன் எழுந்து பானை பொங்கும்போது உங்கள் ஊரில் முதல் நாள் இரவு எட்டு மணி. அம்மம்மாவின் அடுப்பைத் தொலைபேசியில் பிள்ளைகள் விழித்திருந்தே பார்க்கலாம். மறுநாள் உங்கள் சூரியன் எழ ஏழே முக்கால் ஆகும் என்பதால், பாடசாலைக்குப் புறப்படுமுன் கிழக்குச் சாளரத்தருகே சிறு பானையொன்றைப் பொங்கவிட நேரம் இருக்கிறது. பாலை நீங்கள் ஊற்றினாலும் முதல் பிடி அரிசியைப் பிள்ளைகளின் கையால் இடச் செய்யுங்கள். பனிக்குள்ளிருந்து எழும் அந்தச் சூரியனே அவர்களுடைய சூரியன். அதற்கு நன்றி சொல்லப் பழகிய பிள்ளைக்குப் பொங்கல் அம்மாவின் ஊர்க்கதையாக மட்டும் நின்றுவிடாது.

வற்றாப்பளைப் பொங்கலோ வேறு வகையானது. தைப்பொங்கல் வீட்டுக்குரியது, ஆகையால் வீட்டோடு பெயர்ந்து செல்லும். வைகாசிப் பொங்கல் மண்ணுக்குரியது. பாக்குத் தெண்டல் என்னும் பாக்குச் சேகரிக்கும் சடங்கில் தொடங்கி, முல்லைத்தீவுக் கடலில் மரபுப்படி தீர்த்தம் எடுத்து, அதைக் கால்நடையாக முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அங்கே அந்தக் கடல்நீரில் விளக்கெரித்து, அடுத்த திங்கட்கிழமை நந்திக்கடலோரம் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் நடத்துவது வரையிலான ஒவ்வொரு படியும் ஓர் இடத்தோடும் அந்தக் கடமையைத் தலைமுறையாகச் சுமந்துவரும் குடும்பங்களோடும் பிணைந்திருக்கிறது. அந்தக் கரையையும் அந்தக் கைகளையும் விட்டுவிட்டு விளக்கை மட்டும் மண்டப மேடைக்குக் கொண்டுபோனால் அது காட்சியாகிவிடும். அந்த நோன்புக்கு அது தகாது. சங்கத்தில் இதை நீங்கள் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும். அம்மனை நினைத்து அந்தத் திங்கட்கிழமை உங்கள் வீட்டில் வளந்து என்னும் பொங்கற்பானை வைத்துப் பொங்குவதற்கோ, உறவினர் மூலம் நேர்த்தி செலுத்துவதற்கோ எந்தத் தடையும் இல்லை.

இயன்றால் ஓர் ஆண்டு பிள்ளைகளோடு நேரில் வாருங்கள். உங்கள் ஊரில் பாடசாலை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே பொங்கல் வந்துவிடுவதால், ஆசிரியர்களிடம் காரணத்தைச் சொல்லி இரண்டு வார விடுப்பை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டியிருக்கும். தீர்த்தம் எடுக்கும் நாளுக்கு முன்னரே முள்ளியவளையில் வந்து தங்கிவிட்டால், பிள்ளைகள் தீர்த்தம் எடுப்பது முதல் எல்லாவற்றையும் காணலாம்.